நிருபருக்குச் சாப்பாடு போடவில்லை

அவருக்கு மைனஸ் சார் என்று பெயர் வைத்தது யார் என்பதில் அலுவலகத்தில் கடைசி வரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எட்டுப் பேர் உரிமை கொண்டாடினார்கள். பெயரைச் சுமந்தவர் மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிறந்தபோது வைத்த பெயரையும் யாரும் தன்னைக் கேட்டு வைக்கவில்லையே என்பது அவர் கட்சி.

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அந்த அலுவலகம். படி ஏறும்போதே ரப்பர் வாசனை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். காலை ஐந்தரைக்கு ஒன்பது பேர் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு நான்கு செய்தித்தாள் வீதம் படிப்பார்கள். ஒவ்வொரு செய்திக்கும் மைனஸ் ஐந்திலிருந்து ப்ளஸ் ஐந்து வரை ஒரு மார்க் போட வேண்டும். எட்டு மணிக்கு அந்த மார்க்குகள் எல்லாம் கடல் கடந்து போகும். எங்கோ ஒரு தேசத்தில், பெரும் பணத்தை எந்த நாட்டில் எந்தத் தொழிலில் போடலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிற ஒரு கம்பெனி அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகை நன்றாக இருந்தால் பணம் வரும். மோசமாக இருந்தால், வந்து உட்கார்ந்திருக்கிற பணமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

வேலைக்குச் சேருகிற அன்றே மேனேஜர் ஒரு விதியைச் சொல்லிவிடுவார். மேனேஜருக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது பேரில் ஏழு பேர் அவரைவிட மூத்தவர்கள் என்பதால் எதைச் சொன்னாலும் கொஞ்சம் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே சொல்வார்.

“என்ன நடந்துச்சுங்கிறது நமக்கு வேண்டாம் சார். எழுதினவர் என்ன மூடுல எழுதியிருக்காரு? அதுக்குத்தான் மார்க். சிரிச்சுக்கிட்டே எழுதியிருந்தா ப்ளஸ், அழுதுக்கிட்டே எழுதியிருந்தா மைனஸ். வீடு நிஜமாவே எரிஞ்சுதான்னு பாக்குறதுக்குத் தீயணைப்பு நிலையம் இருக்கு.”

மைனஸ் சாருக்கு இந்த விதி பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல இருந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு செய்தித்தாளில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி, தலைப்புப் போட்டு அனுப்பியவர். அந்தத் தாள் மூடப்பட்டபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் போடாத செய்தியைப் படித்தாலே எழுதியது யார், அன்றைக்கு அவருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவார். துறைமுகச் செய்தி எழுதுகிறவருக்கு மூட்டுவலி வந்தால் ஏற்றுமதி சரிந்துவிடும். நீதிமன்றச் செய்தி எழுதுகிறவரின் மகளுக்கு வரன் அமைந்த வாரத்தில், தண்டனை பெற்றவன்கூடக் கம்பீரமாகச் சிறைக்குப் போனான்.

ஆனால் கை மகா இறுக்கம். அரசாங்கமே ஆளனுப்பி எழுதவைத்த புகழுரைக்கும் பூஜ்யத்துக்கு மேல் ஏற மாட்டார். ஆறு வருடத்தில் அவர் போட்ட அதிகபட்ச மார்க் ப்ளஸ் இரண்டு. அதுவும் ஒரே முறை. சாக்கடை மூடி சரிசெய்யப்பட்டது என்கிற நான்கு வரிச் செய்திக்கு. “இதுல ஒரு வார்த்தை கூடுதலா இல்ல. நடந்ததைச் சொல்லிட்டு எழுந்து போயிருக்கான்” என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டி மகிழ்ந்தார்.

வீட்டில் அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தார். முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, சமையல் மூலை ஒன்று, குளியலறை ஒன்று. அவ்வளவுதான் வீடு. அந்த அம்மாளுக்கு ஒரே தம்பி. ஊருக்கு வெளியே மோட்டார் பம்பு செய்கிற தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக எலக்ட்ரீஷியன். மைனஸ் சாரின் இந்த மச்சானுக்கு எதைக் கண்டாலும் திருகிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் அக்கா வீட்டில் இருந்துவிட்டுப் போனால் சுவர்க் கடிகாரம் நான்கு துண்டாக மேசைமேல் இருக்கும். மின்விசிறி இரண்டாம் எண்ணில் சுற்றாமல் மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.

தொழிற்சாலையின் மெஷின்களுக்கு வயதாகிவிட்டது. வெளிநாட்டுப் பணம் வந்தால் புது மெஷின் வாங்கி ஓட்டலாம். வராவிட்டால் வருடக் கடைசியில் கேட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். நானூறு பேருக்கு வேலை போகும். மச்சானுக்கு வேலையோடு கம்பெனி கொடுத்த குடியிருப்பும் போகும். அப்படிப் போனால் மச்சான், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் நான்கு பேரும் எங்கே வந்து இறங்குவார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பணம் போட யோசிக்கிற கம்பெனியின் பெயரை மச்சான் ஒருநாள் சொன்னபோது மைனஸ் சாருக்கு அது எங்கேயோ பார்த்த பெயராக இருந்தது. எழுந்து போய்த் தன் சம்பளச் சீட்டைப் பார்த்தார். அதே பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை வெளிநாட்டிலிருந்து நான்கு பேர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். அன்று சாயந்திரம் மச்சான் போன் செய்தார். குரலில் ஒரே குதூகலம்.

“மாமா, லிஃப்ட் நின்னுபோச்சு! வந்தவங்க நாலு பேரு, முதலாளி, எல்லாரும் உள்ள. முதல் மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல.”

“அடப்பாவி.”

“பதினோரே நிமிஷம் மாமா. கையாலயே சக்கரத்தைச் சுத்தி எறக்கிட்டேன்ல! உள்ள ஒரே சிரிப்பு. போட்டோ எடுத்துக்கிட்டாங்க. வெளிய வந்து என் தோளைத் தட்டிட்டுப் போனாங்க.”

“பத்திரிகைக்காரங்க வந்திருந்தாங்களா?”

“அவங்களை கேட்லயே நிறுத்திட்டாங்க. மேல விருந்து, கீழ இவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி. உங்க பழைய ஆபீஸ்காரரு ஒருத்தரு, தொப்பி போட்டுக்கிட்டே இருப்பாரே, அவரு ரெண்டரை மணி வரைக்கும் வெயில்ல நின்னாரு.”

“தொப்பியா?” மைனஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “தொப்பிக்குச் சாப்பாடு போடலையா?”

“போடலை மாமா.”

“போச்சு.”

தொப்பியோடு இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். சாப்பிட்ட தொப்பியின் வாக்கியம் ஏழு வரி ஓடும். நடுவில் திண்ணென்று ஒரு உவமை உட்கார்ந்திருக்கும். பட்டினி கிடந்த தொப்பி இரண்டு சொல்லுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைப்பார்.

புதன்கிழமை விடியற்காலை தாளைப் பிரித்தார். “அந்தரத்தில் தொங்கியது அந்நிய முதலீடு” என்று தலைப்பு. கீழே: “இருள். அலறல். கதவு திறக்கவில்லை. காற்று இல்லை. யார் பொறுப்பு?” இப்படியே அரைப் பக்கம். தொப்பியின் செய்தி முந்தின நாள் மாலையே அவருடைய தாளின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டதால் வேறு ஏழு தாள்களும் அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. எடுத்ததற்கு அடையாளம் தெரியக்கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். ஒன்றில் பதினோரு நிமிடம் இருபதாயிருந்தது. இன்னொன்றில் ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றியிருந்த மேசைகளில் சளைக்காமல் மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு என்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மனைவியின் போன் வந்தது.

“ஏங்க, பாத்தீங்களா?”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“மார்க் போட்டாச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப நல்லதாப் போடுங்க.”

“நல்லதாப் போட அவன் நல்லதா எழுதலையேம்மா.”

“ஒரே ஒரு நாள் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா என்னங்க? என் தம்பி அது.”

“கண்ணை மூடிக்கிட்டா எப்படிப் படிக்கிறது?”

“பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயாவது சொல்லுங்களேன்.”

“அது பரீட்சை ஹால் மாதிரி. பேசக்கூடாது.”

“நல்லா இருக்கு. நாளைக்கு நாலு பேரு வந்து நின்னா எங்க படுக்க வைப்பீங்க? உங்க மார்க்கு மேலயா?”

போன் வைக்கப்பட்டது. மைனஸ் சார் அந்த அரைப் பக்கத்தைத் திரும்பவும் படித்தார். லிஃப்ட் நின்றதைவிட அதிக நேரம் அவர் விரல் நின்றது. விதி என்று பார்த்தால் சந்தேகமே இல்லை. எழுதியவர் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார். மைனஸ் நான்கு. தட்டினார்.

தட்டிய பிறகும் மனம் ஆறவில்லை. அப்போதுதான் திரையின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்தார். எல்லோரும் தினமும் பார்க்கிற கட்டம்தான். ஆனால் அதில் எழுதினால் எங்கும் போகாது என்பது அலுவலகத்தின் நம்பிக்கை. சோதித்துப் பார்க்க ஒருவர் அதில் வணக்கம் என்று எழுதி ஒரு மாதம் காத்திருந்தார். பதில் வணக்கம் வரவில்லை. மைனஸ் சார் அந்தக் கட்டத்தில், ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஒரு வரி எழுதினார்: “நிருபருக்குச் சாப்பாடு போடவில்லை.” யாரிடமாவது சொன்னது போல நெஞ்சு லேசானது. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் மேனேஜர் கையில் ஒரு தாளோடு அவர் மேசைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“சார், குறிப்புக் கட்டத்துல ஏதாவது எழுதினீங்களா?”

“எழுதினேன். போகாதுன்னு சொன்னாங்களே.”

“போயிருக்கு சார்! அங்க மொழிபெயர்த்துப் படிச்சிருக்காங்க. எட்டு பேப்பர், மொத்தம் மைனஸ் இருபத்தொன்பது. மைனஸ் இருபதுக்குக் கீழ போனா பணம் போடக்கூடாதுங்கிறது அவங்க சட்டம். பம்பு ஃபேக்டரி ஃபைலை மூடப் போனாங்களாம். அப்பத்தான் இதைப் பாத்திருக்காங்க.” தாளைப் படித்தார். “உங்கள் நாட்டில் நிருபர்களுக்கு உணவுத் தட்டுப்பாடு நிலவுகிறதா? விளக்கவும்.”

“தட்டுப்பாடெல்லாம் இல்ல தம்பி. ஒரு வேளைதான்.”

“அதை நீங்களே சொல்லிடுங்க. நாலு மணிக்கு வீடியோவுல வர்றாங்க.”

நான்கு மணிக்கு மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மைனஸ் சார் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி வந்தார். அவர் பேசப் பேச மேனேஜர் தமிழில் சொன்னார்.

“இவங்களும் அந்த லிஃப்டுக்குள்ள இருந்தாங்களாம் சார். அன்னைக்குப் பயமே இல்லையாம், சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். ஊருக்குப் போயி நம்ம மார்க்கைப் பாத்த பிறகுதான் பயம் வந்துச்சாம். இப்ப அவங்க ஆபீஸ் லிஃப்ட்லகூட ஏறுறதில்லையாம். எட்டாவது மாடிக்கு நடந்தே போறாங்களாம்.”

“அப்ப அவங்க கண்ணால பாத்தது என்னாச்சு?”

மேனேஜர் கேட்டுச் சொன்னார். “அது ஒரு ஆளோட அபிப்பிராயமாம் சார். இது எட்டுப் பேப்பராம்.”

“எட்டுப் பேப்பர் இல்லைன்னு சொல்லுங்க தம்பி. ஒரே ஒரு வயிறு. மத்தவங்க எல்லாம் அந்த வயித்தைப் பாத்து எழுதினவங்க.”

மேனேஜர் இதை மொழிபெயர்க்க நெடுநேரம் ஆனது. இரண்டு இடத்தில் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண்மணி குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த நிருபர் சாப்பிட்டிருந்தா இதே செய்திக்கு எவ்வளவு போட்டிருப்பீங்கன்னு கேக்குறாங்க.” மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், ஒரு ப்ளஸ் சொல்லுங்க. இந்தக் கான்ட்ராக்ட் போச்சுன்னா நானும் போச்சு. என் புள்ளைகுட்டி முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”

“உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே.”

“ஆகணுமில்ல சார்!”

மைனஸ் சார் கண்ணை மூடிக்கொண்டு, வயிறு நிறைந்த தொப்பி அதை எப்படி எழுதியிருப்பார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஏழு வரி. நடுவில் ஒரு உவமை. ஆறாவது பக்கத்தில் ஒரு மூலை.

“பூஜ்யம்” என்றார்.

“சார்…”

“லிஃப்ட் நின்னுச்சு. தொறந்துச்சு. இதுல ப்ளஸ் எங்க இருக்கு? பூஜ்யம்.”

அந்தப் பெண்மணி தலையசைத்தார். முடிந்துவிட்டது என்று மேனேஜர் பெருமூச்சு விட்டபோது மைனஸ் சார், “இன்னொண்ணு சொல்லணும்” என்றார். “அந்த லிஃப்டைப் பாத்துக்குற எலக்ட்ரீஷியன் என் மச்சான்.”

மேனேஜர் அதை மட்டும் மொழிபெயர்க்காமல் திரையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“சொல்லுங்க தம்பி.”

“அதெல்லாம் எதுக்கு சார் இப்ப?” புன்னகை மாறாமல் மேனேஜர் கேட்டார்.

மைனஸ் சாருக்கு ஆங்கிலம் தலைப்புச் செய்தி அளவில் வரும். இந்த லிஃப்ட், அந்த ஆள், என் மனைவியின் தம்பி என்று மூன்று தலைப்புகளாகத் தானே சொன்னார். திரையில் கொஞ்ச நேரம் அசைவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று மேனேஜர் ஆசையோடு எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அப்படியென்றால் உங்கள் மைத்துனருக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டார்.

“வயரிங் வேலைக்கு ப்ளஸ் ரெண்டு.”

“லிஃப்டுக்கு?”

“மைனஸ் ஒண்ணு.”

மேனேஜர் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பிறகு மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. ஆனால் மறு திங்கட்கிழமையே திரையில் ஒரு புதுக் கட்டம் முளைத்திருந்தது: ‘நிருபர் சாப்பிட்டாரா? ஆம் / இல்லை / தெரியவில்லை.’ மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தெரியவில்லை என்று தட்டினார்கள். மைனஸ் சாரால் முடியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது தெரியவில்லை என்று போடுவது பொய் அல்லவா? நிருபர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, “நேத்து மதியம் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். முதலில் பதறினார்கள். கடன்காரன் குரலை மாற்றிப் பேசுகிறானோ என்று ஒருவர் போனை வைத்துவிட்டார். பிறகு பழகிவிட்டது. தனியாக இருந்த ஒரு விளையாட்டு நிருபர், என்ன சாப்பிட்டோம் என்பதைத் துணைச்செய்திகளோடு சொல்ல ஆரம்பித்தார். சில மாதங்களில் எல்லா வரிசையிலும் ஆம், ஆம் என்றே வந்ததால் கட்டத்தால் பயனில்லை என்று வெளிநாட்டில் அதை எடுத்துவிட்டார்கள். மைனஸ் சார் மட்டும் போன் செய்வதை நிறுத்தவில்லை. போன மழைக்காலத்தில் அவர் காலமான அன்று, அந்த வீட்டுப் போனில் பதினான்கு நிருபர்கள் கூப்பிட்டு, அம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்டார்கள்.

தகவல் வராத அந்த மூன்று வாரமும் மனைவி அவரோடு பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் தையல் மெஷின் பேசியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் அளவு நாடாவோடு வந்து, “கட்டிலை இப்படித் திருப்பிப் போட்டா டிவி இங்க வந்துரும்க்கா” என்று முன்னறையை அளந்தார். பொழுதுபோகாமல் மின்விசிறியைக் கழற்றினார். மைனஸ் சார் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் மச்சான் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“அக்கா, பணம் வருது! எட்டுப் பேப்பரையும் ஒரே பேப்பராத்தான் கணக்கு வெச்சாங்களாம். புது மெஷின் எல்லாம் வருது. யாரையும் வேலையை விட்டு எடுக்கலையாம்.”

தையல் மெஷின் நின்றது. அந்த அம்மாள் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டார்.

“ஆனா மொத கண்டிஷன் என்ன தெரியுமா? லிஃப்டை மாத்தணுமாம்! பதினெட்டு வருஷம் என் புள்ள மாதிரி பாத்துக்கிட்ட லிஃப்டு. எவனோ போட்டுக் குடுத்திருக்கான் மாமா. எவனா இருக்கும்?”

தாளை மடித்து வைத்தார் மைனஸ் சார். “நான்தான் மாப்ள.”

“நீங்களா? என்ன சொன்னீங்க?”

“லிஃப்டுக்கு மைனஸ் ஒண்ணுன்னு சொன்னேன்.”

“அடேங்கப்பா! சொந்த மச்சானுக்கு.”

“வயரிங்குக்கு ப்ளஸ் ரெண்டு.”

மச்சான் எதையோ சொல்ல வந்து நிறுத்தினார். “ப்ளஸ் ரெண்டா? நீங்க போட்டதா?”

“நான் போட்டதுதான்.”

“வெளிநாட்டுக்காரங்ககிட்டயா?”

“ஆமா.”

“அக்கா, கேட்டியா?” என்று மச்சான் திரும்பினார். வேலை தங்கியதைச் சொன்னபோது இல்லாத பிரகாசம் இப்போது முகத்தில். “மாமா எனக்கு ப்ளஸ் ரெண்டு போட்டிருக்காரு! லிஃப்டு கெடக்குது விடு, அது கொஞ்சம் வயசான லிஃப்டுதான்.”

தம்பி முகம் கழுவப் போக, துண்டு எடுக்க அந்த அம்மாள் பின்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். கீழே இரண்டு தட்டு காலியாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் மைனஸ் சார் தலைப்புப் போட்ட பக்கங்களில் தனக்குப் பிடித்தவற்றை வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி, ஒரு கட்டைக்கூட நகர்த்த விடாமல் காவல் காத்த தட்டுகள் அவை.

“இங்க இருந்த கட்டெல்லாம் எங்க?”

மூன்று வாரத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

“எடைக்குப் போட்டுட்டேன்.”

“எப்ப?”

“அந்த மைனஸ் நாலு போட்ட அன்னைக்கு, சாயந்திரம்.”

“எதுக்கு?”

“பசங்க துணிமணி வைக்க இடம் வேணுமேன்னு.”

அந்த அம்மாள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு காலித் தட்டையே பார்த்தபடி நின்றார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“நீ எங்க பேசினே?”

குளியலறையிலிருந்து மச்சான் துண்டு கேட்டுக் கத்தினார். குழாயையும் திருகிப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. தண்ணீர் எங்கோ பீய்ச்சி அடிக்கிற சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

அடுத்த வாரத்துக்குள் அந்த இரண்டு தட்டிலும் சீருடைத் துணி நிறைந்துவிட்டது.